மஞ்சள் சீட்டு

கவிநயாவின் தலைக்குள் இருந்த குழாயில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தன் பக்கத்தில் இன்னொன்று இருப்பது தெரியாது. தெரியாமலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நுண்ணுயிர் எண்ணுகிறவள். பெயர் பிலோமினா. வருகிறவர்கள் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு வாய் வலிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குழாய் சமாசாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், எல்லோருக்கும். சிலருக்கு அது வடிய வழியில்லாமல் தேங்கிவிடும். தேங்கினால் தலை கனக்கும், வாந்தி வரும், பார்வை மங்கும், கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடுவார். அதனால் மண்டையில் சின்னத் துளை போட்டு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறக்கி, கழுத்து வழியாக வயிற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நீர் வயிற்றில் வடிந்து உடம்போடு கலந்துவிடும். ஷன்ட் என்று பெயர். பாட்டன் காலத்து வித்தை, இன்றுவரை அதை மிஞ்சி எதுவும் வரவில்லை.

அந்தக் குழாய்க்குப் பெரிய எதிரி, நம் தோலிலேயே சாதுவாக இருந்துவரும் ஒரு பாக்டீரியா. தோலில் இருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. குழாயில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பிசின் கட்டிக்கொண்டு பெருகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கு மருந்து இருந்தது. பிறகு நாமெல்லாம் தும்மினாலும் இருமினாலும் கடையில் அந்த மருந்தைக் கேட்டு வாங்கி விழுங்கி, அதன் பல்லைப் பிடுங்கிவிட்டோம். மிஞ்சியது ஒரே வழி. குழாயை உருவி எடுத்துவிட்டு, மூளை நீரை வெளியே ஒரு பையில் வடியவிட்டு, கையில் இருக்கும் கடைசி மருந்தை மூன்று வாரம் ஏற்றி, பிறகு புதுக் குழாய் வைப்பது. அந்த மூன்று வாரமும் பை காது மட்டத்திலேயே தொங்க வேண்டும், நோயாளி நினைத்தபடி தலையைத் தூக்கக் கூடாது. பத்துப் பேரில் இரண்டு பேர் அந்த மூன்று வாரத்தைத் தாண்டுவதில்லை.

அப்போதுதான் செவிட்டு மருந்து வந்தது. கொல்ல முடியாததைச் செவிடாக்கிவிடும் மருந்து. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் பட்டாணி அளவில் ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். நாற்பது நாளைக்கு ஒருமுறை அதை ஊசியால் நிரப்ப வேண்டும். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தான். நிரப்புவதற்கு முன் கொஞ்சம் மூளை நீரை எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் எண்ணுவேன். ஆயிரம், பத்தாயிரம் என்று நீட்டி முழக்காமல், எத்தனை சைபர் என்பதை மட்டும் எழுதுவேன். ஆயிரம் என்றால் மூன்று. லட்சம் என்றால் ஐந்து. ஏழு சைபர் வந்துவிட்டால் செவிட்டு மருந்தை நம்ப முடியாது. அதனால் ஆறிலேயே குழாயை எடுத்துவிட வேண்டும் என்பது விதி.

அந்த எண்ணை யாரிடம் சொல்வது என்பதில்தான் எங்கள் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. ஆரம்பத்தில் நோயாளியிடமே சொன்னோம். மருந்து வந்த முதல் வருடத்தில் துவரங்குறிச்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் தலைக்குள் இருந்த எண்ணைக் கேட்டுவிட்டு, சரிங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஊசிக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கு வர அவர் இல்லை. அதன்பிறகு நடந்த கூட்டத்தில்தான், நோயாளிக்கு ஒரு வெள்ளைச் சீட்டு, கூட வந்தவருக்கு ஒரு மஞ்சள் சீட்டு என்று ஒருத்தி யோசனை சொன்னாள். வெள்ளையில் எப்போதும் ‘அமைதி’ என்று மட்டும் இருக்கும். எண் மஞ்சளில் இருக்கும், மடித்துப் பின் அடித்து. ஆறு வந்துவிட்டால் எண்ணுக்குக் கீழே இரண்டாவது வரியாக ‘மருத்துவரைப் பார்க்கவும்’ என்று எழுதுவோம். வந்து பார்க்காவிட்டால், அது அந்தக் குடும்பத்தின் முடிவு. எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நம் ஊரில் பெரிய வியாதியைப் பற்றி டாக்டர் எப்போது நோயாளியிடம் பேசியிருக்கிறார்? ‘நீங்க கொஞ்சம் வெளியே இருங்க’ என்று சொல்லிவிட்டுக் கூட வந்தவரிடம்தானே பேசுவார்.

யோசனை சொன்ன ஒருத்தி நான்தான். அந்த வருடம் எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

கார்த்திகை மாதம் கவிநயாவின் எண் ஆறு ஆனது. புரட்டாசியில் நான்கு, ஐப்பசியில் ஐந்து. அவள் மணப்பாறையில் எல்.கே.ஜி. டீச்சர், இருபத்தாறு வயது. பிறந்த எட்டாம் மாதத்திலிருந்து தலையில் குழாயோடு இருப்பவள். ஊசிக்கு வரும்போதெல்லாம் பரிசோதனைக் கூடத்தின் கதவைத் திறந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போவாள். ஐந்து நிமிடம் பேசினால் அதில் மூன்று நிமிடம் அவள் வகுப்புப் பிள்ளைகள் யார் யாரைக் கடித்தார்கள் என்பதாக இருக்கும்.

இரண்டாவது வரி எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு அவள் அம்மா அமுதவல்லி வந்தார். டாக்டர் அறுவையில் இருந்ததால் என்னிடம் வந்தார். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கணவர் இல்லை. வரும்போதே முகத்தில் கலக்கம் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியாகத் தான் வாங்கிய சீட்டில் நான்கு இருந்தது, இதில் ஆறு, இரண்டுதானே கூடியிருக்கிறது என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாக நான் எழுதிக் கொடுத்த எண்களை அந்த அம்மா படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகத்தான் எண்ணியிருக்கிறார்.

“உங்க சத்துணவுக் கூடத்துக்கு இன்னிக்கு நூறு பிள்ளைங்க வருது. நாளைக்கு ஆயிரம் வருது. அதுக்கு மறுநாள் பத்தாயிரம் பிள்ளைங்க தட்டோட வந்து நிக்குது. என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

அமுதவல்லி சீட்டை மறுபடி மடித்தார். புரிந்துவிட்டது. அடுத்ததாக அவர் கேட்டது, தை பன்னிரண்டு வரை தாங்குமா என்று. தை பன்னிரண்டு கவிநயாவுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை லால்குடி. பத்திரிகை அடித்தாகிவிட்டது. அடுத்த ஊசியே தை முதல் வாரம்தான், அதற்குள் ஏழு வந்துவிடும், தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் குழாய் விஷயம் தெரியுமா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினார். ஒற்றைத் தலைவலிக்கு மாதாமாதம் வைத்தியம் என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணும்பாங்க. நான் ஒரே ஒரு பொய்தானே டாக்டரம்மா சொல்லியிருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கல்யாணம் பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நாலு வயசுல ஒரு தடவை, ஒம்பது வயசுல ஒரு தடவை, குழாயை எடுத்துட்டுப் பையைத் தொங்கவிட்டாங்க. மூணு மூணு வாரம் அவ தலையை இந்த ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மொத தடவை பக்கத்துக் கட்டில்ல இருந்த பிள்ளை போயிருச்சு. ‘அந்தப் பாப்பாவை எங்கம்மா தூக்கிட்டுப் போறாங்க’ன்னு இவ கேட்டா. வீட்டுக்குப் போகுதுடின்னு சொன்னேன். பத்துல ரெண்டு பேருக்கு ஆகாதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அந்த ரெண்டுல என் பிள்ளை ஒண்ணா இருந்தா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மாலையும் கழுத்துமா அவ சந்தோஷமா நிக்கறதைப் பார்த்துக்கறேன். அதுக்கப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டு வர்றேன்.”

அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லக் கூடாது என்பது நான் போட்ட விதிதான். மாலையில் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது, குடும்பம் ஒத்துக்கொள்ளாமல் கத்தியைத் தொட முடியாது, நீங்கள் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டீர்கள், விடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மஞ்சள் சீட்டின் அடிக்கட்டைகளைப் புரட்டினேன். வாங்கியவர் கையெழுத்து என்ற இடத்தில் மாதாமாதம் அமுதவல்லியின் கோணல் எழுத்து. ஐப்பசியில் மட்டும் வேறு கை. ‘முகிலன்’ என்று இருந்தது. உறவுமுறை என்ற இடத்தில் எதையோ எழுதி அடித்து, அதன் மேல் ‘உறவினர்’ என்று எழுதியிருந்தான். அடித்ததையும் படிக்க முடிந்தது. ‘வருங்காலக் கணவர்’.

அந்த மாதம் அமுதவல்லிக்குச் சிக்குன்குனியா. கவிநயா தனியாக வந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ‘கவிநயா கூட வந்தவங்க’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை எழுந்து வந்து சீட்டை வாங்கியிருக்கிறான். யாருக்குத் தெரியவே கூடாது என்று அம்மா மூடி வைத்தாரோ, அவன் கையிலேயே எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

அடிக்கட்டையில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அடுத்த நாள் மத்தியானமே வந்தான். வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோன்களைப் பழுதுபார்க்கும் வேலை. விரலெல்லாம் கிரீஸ் கறை. நான் குழாய் என்று இழுத்ததுமே, தெரியும் மேடம் என்றான்.

“மொதல் போன்லயே சொல்லிட்டா. எனக்குத் தலைக்குள்ள ஒரு குழாய் இருக்கு, வேணாம்னா இப்பவே போனை வெச்சிருங்கன்னா. நான் வெக்கல.”

தன் வீட்டில் அவன் சொல்லவில்லை. தனக்குத் தெரியும் என்பது அமுதவல்லிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டான். அவர் சங்கடப்படுவாராம். சீட்டைப் பிரித்துப் பார்த்ததாகவும், ஐந்து என்றால் என்ன என்று புரியவில்லை என்றும் சொன்னான். கவிநயாவிடம் கேட்டிருக்கலாமே என்றேன். அவள் உடம்பு, அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அவளாகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டானாம். சொல்லும்போது அவன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. நான் அந்த ஐந்து இப்போது ஆறாகியிருப்பதைச் சொன்னேன். இவனுக்கும் தட்டோடு நிற்கும் பிள்ளைகளையே உதாரணம் காட்டினேன்.

“பத்து லட்சம் இருக்குன்றீங்க. அப்புறம் ஏன் அவளுக்குக் காய்ச்சல்கூட வரல?”

“ஒவ்வொண்ணும் ‘நான் இருக்கேன்’னு ஒரு குரல் கொடுக்கும். குரல்னா சத்தம் இல்ல, ஒரு ரசாயனம். சுத்தி நிறையக் குரல் கேட்டுச்சுன்னா, நாம கூட்டமா இருக்கோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோகும். அப்பத்தான் விஷத்தைக் கக்கும். தனியா இருக்கோம்னு நினைக்கிறவரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு ஒட்டிக்கிட்டே கிடக்கும். இந்த மருந்து அதுங்க காதை அடைச்சிடுது.”

“அடைக்க முடியாமப் போச்சுன்னா?”

“எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல கேட்கும்.”

முகிலன் விரலில் இருந்த கிரீஸ் கறையைத் தேய்த்தான். “அப்ப அத்தனையும், தான் மட்டும்தான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு,” என்றான். பிறகு, “பாவம்,” என்றான்.

அவன் போன பிறகும் அந்தப் பாவம் என் காதிலேயே நின்றது. அம்மாவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியக் கூடாது. மாப்பிள்ளைக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியக் கூடாது. ஆளுக்கொரு மூலையில் தான் மட்டும்தான் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தை பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இதற்கு மருந்து போட்டது யார் என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று பேரையும் வரச் சொன்னேன். அம்மாவிடமும் மகளிடமும் மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை என்று சொன்னேன். முகிலனிடம் உண்மையைச் சொன்னேன். அவனைப் பார்த்ததும் அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைவலிக்குத்தான் மாப்பிள்ளை, எப்பவும் வர்றதுதான் என்று ஆரம்பித்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கதவைச் சாத்திவிட்டு அடிக்கட்டையைக் கையில் எடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“கவிநயா, உன் குழாய்ல பத்து லட்சம் இருக்கு. தை பிறக்கறதுக்குள்ள கோடி ஆயிடும். ஆச்சுன்னா மருந்து கேட்காது. இது உங்க அம்மாவுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.”

அமுதவல்லி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கவிநயா மட்டும் அதிரவில்லை. பிள்ளைகள் கூட்டல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் டீச்சர் முகத்தில் வருமே, அப்படி ஒரு லேசான நிம்மதி.

“பத்து லட்சமா? நான் இன்னும் கம்மின்னு நினைச்சேன்,” என்றாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பினார். “உனக்கு எப்படிடி?”

“ஊசி போடறப்ப எண்ணுவேம்மா. முன்னெல்லாம் பதினொண்ணு எண்ணறதுக்குள்ள எடுத்துருவாங்க. ஐப்பசில பதினாறு. இந்தத் தடவை இருபத்திரெண்டு. மருந்து கூடுதுன்னா அதுங்களும் கூடுதுன்னுதானே அர்த்தம்? எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடப் புரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீ தாங்க மாட்டே. கல்யாணத்தைப் பார்த்துட்டியானா உனக்கு ஒரு தெம்பு வரும். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

அம்மா மகளுக்காகப் போட்ட கணக்கும் மகள் அம்மாவுக்காகப் போட்ட கணக்கும் ஒரே தேதியில் வந்து நின்றன. அமுதவல்லி அப்போதுதான் அழுதார். சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார். முகிலன் தனக்கு முதல் நாளிலிருந்தே குழாய் விஷயம் தெரியும் என்று அவரிடம் சொன்னதும் அழுகை ஒரு நிமிடம் நின்று, மறுபடி இன்னும் பலமாக வந்தது. யார் யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று ஒருவரையொருவர் கேட்டுத் தீர்க்கவே அரைமணி நேரம் ஆயிற்று. நான் அவர்களுக்கு டீ வரவழைத்தேன். அதைத் தவிர எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

கடைசியில் கவிநயாதான், திங்கட்கிழமையே எடுத்துவிடுங்கள் என்றாள். பத்திரிகை கொடுத்தாகிவிட்டதே என்று அமுதவல்லி முனகினார். தேதி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம், ஸ்டிக்கர் என் செலவு என்றான் முகிலன். அந்த அம்மா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார்.

குழாயை எடுத்தார்கள். அதில் ஒரு துண்டு என்னிடம் வந்தது. செவிட்டு மருந்து இல்லாத தட்டில் போட்டு வைத்தேன். ஐந்து மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது மணியில், யாரோ சொல்லி வைத்தமாதிரி, தட்டு முழுக்க ஒரேயடியாகக் கலங்கியது. இது அவள் தலைக்குள் நடந்திருக்க வேண்டியது.

மூன்று வாரம் சுலபமாகப் போகவில்லை. ஐந்தாம் நாள் கவிநயாவுக்கு அம்மா பெயர் மறந்து போயிற்று. எட்டாம் நாள் திரும்ப வந்தது. அம்மாவும் முகிலனும் முறை வைத்துக்கொண்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வீட்டில் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அவன் அம்மா அவனிடம் பேசுவதில்லையாம். அப்பா மட்டும் ஒருநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, வார்டு வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் இறந்துபோனார். படுதாவை இழுத்தபோது கவிநயா, அவரை எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேட்டாள். இந்த முறை அமுதவல்லி பொய் சொல்லவில்லை.

புதுக் குழாய் வைத்து, நான் எடுத்த கடைசிப் பரிசோதனையில் எண் சைபராக வந்தது. எழுதும்போது எனக்கே எழுத்து கோணிக்கொண்டது. மாசி பிறந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவள் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். பேச்சில் இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தது. தாலி பங்குனியில் கட்டுவதாக முடிவாகியிருப்பதாகவும், ஸ்டிக்கர் தயார் என்றும் சொன்னாள். கிளம்பும்போது கதவருகில் நின்றாள்.

“உங்களுக்கு எத்தனை எண்ணிக்கை மேடம்?”

எனக்குப் புரியவில்லை என்ற மாதிரி பார்த்தேன்.

“குழாய் வெச்ச நம்ம எல்லாருக்கும் காதுக்குப் பின்னாடி முடி ஒரே மாதிரிதான் முளைக்கும். மொத நாளே பார்த்துட்டேன். உங்க மஞ்சள் சீட்டு யார்கிட்ட போகுது?”

இதை உங்களிடமும் நான் சொல்லவில்லைதான். ஏழு வருடத்துக்கு முன் என் தலைக்குள் ரத்தம் கசிந்தது. அதிலிருந்து எனக்கும் குழாய். நான்கு வருடத்துக்கு முன் அதில் இவர்கள் குடியேறினார்கள். இந்த ஊரில் செவிட்டு மருந்து போட்டுக்கொண்ட முதல் சிலரில் நானும் ஒருத்தி. என் எண்ணை நானே எண்ணக் கூடாது என்பதால் என் நீர் தஞ்சாவூர்க் கூடத்துக்குப் போகும். அங்கிருந்து நாற்பது நாளைக்கு ஒருமுறை வெள்ளைச் சீட்டு வரும். ‘அமைதி’ என்று இருக்கும். அதைப் படித்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஊருக்கு ‘அமைதி’ எழுதிக் கொடுப்பவள், தன் சீட்டை மட்டும் வேதவாக்காக நம்பியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா இல்லை.

என் ஊசிக்கு நான் கவிநயா மாதிரி எண்ணுவதில்லை. ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்வேன். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ முடிவதற்கும் ஊசி வெளியே வருவதற்கும் சரியாக இருக்கும் என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா, அது முன்பு. தை மாத ஊசியில் முதல் ஜெபம் முடிந்து, இரண்டாவதும் முடியப்போகும்போதுதான் ஊசி வெளியே வந்தது. அன்று அதை நான் கவனித்தேன். நர்ஸ் புதுசு, கை மெதுவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் கணவர் சவரிராஜ் பொன்மலைப் பணிமனையில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் என்னோடு வருபவர் அவர்தான். மஞ்சள் சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். வரும் வழியில் தில்லைநகர்க் கடையில் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுப்பார். அந்தச் சீட்டைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது விதி.

“என் சீட்டெல்லாம் எங்க?” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அதற்குள்ளிருந்து ஒரு ரப்பர்பேண்டு போட்ட கட்டை எடுத்துக் கொடுத்தார். முப்பதுக்கு மேல் இருக்கும். அத்தனையும் மஞ்சள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

எதிலும் பின் பிரிக்கப்படவில்லை. அடியில் இருந்த பழைய சீட்டுகளில் பின் துருப்பிடித்துக் காகிதத்தில் கறை இறங்கியிருந்தது.

“ஒண்ணுகூடவா பார்க்கல?”

“பிரிச்சா தெரிஞ்சிருமே, பிலோ,” என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. நாற்பது நாளைக்கு ஒருமுறை அதை வாங்கி, பாக்கெட்டில் வைத்து, எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு வந்து கவருக்குள் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியக் கூடாது என்று நான் விதி போட்டேன். தனக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் விதி போட்டுக்கொண்டார். என் தலைக்குள் எத்தனை பேர் என்பது தஞ்சாவூரில் முகம் தெரியாத யாரோ ஒருவரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. மேலே இருந்த சீட்டை, தை மாதத்துச் சீட்டை, உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒழுங்காக இருக்கும் மாதத்தில் சீட்டில் ஒரே வரிதான் இருக்கும். மடிப்புக்குள் இரண்டு வரி தெரிந்தது.

பின்னை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, சீட்டை மடிப்போடு அவர் கையில் கொடுத்தேன்.

“உட்காருங்க,” என்றேன். “ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிங்க.”